சுருங்காத கண்மணி

அத்தியாயம் 9

லிப்ட் பழுது என்று எழுதி ஒட்டியிருந்த காகிதமே பழுப்பேறிப் போயிருந்தது. ரேடியோ அதைப் படித்தான், படிக்கட்டைப் பார்த்தான், பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தான்.

"நாலாவது மாடி," என்றார் அவர்.

"திருடியைப் பிடிக்கறதுக்குள்ள எனக்கு மூச்சுப் பிடிச்சுக்கும். ஒண்ணு பண்ணலாம். நீங்க மேல போய்க் கண்டுபிடிங்க, நான் கீழ நின்னு கை தட்டறேன்."

"வாயை மூடிட்டு ஏறினா மூச்சு வாங்காது."

அது ஒன்றுதான் அவனால் ஆகாத காரியம். அந்த ஓயாத வாயால்தான் ரேடியோ என்ற பேரே அவனுக்கு வந்தது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை. டாக்டரம்மா ஒரு காலத்தில் ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து கொடுத்தவர். அதை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். 'ஊரையே தூங்க வச்சவங்க, இப்ப ஒருத்தனையும் நிம்மதியாத் தூங்க விடமாட்டேங்கறாங்க' என்று ரேடியோ பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

இன்றைக்குப் பிடிக்க வேண்டியவள் ஒரு நர்ஸ். புகார் சொன்னவர் ஒரு நர்சரி ஸ்கூல் டீச்சர். அவருடைய கணவர் சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கிறவர், இடுப்பெலும்பில் கட்டி. ஆஸ்பத்திரி கையை விரித்துவிட்டது. இனி வீட்டிலேயே வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கிற ஒரு நர்சிங் சர்வீஸிலிருந்து காலையும் மாலையும் சிஸ்டர் வந்து மார்பின் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். ஆனால் வலி மட்டும் குறையவே இல்லை. மனுஷன் ராத்திரியெல்லாம் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். சர்வீஸ் டாக்டர் 'உடம்பு பழகிப் போச்சு' என்று சொல்லி மருந்தின் அளவை ஏற்றினார். மறுபடியும் ஏற்றினார். ஒரு பிரயோசனமும் இல்லை.

"மாத்திரையைக் கொண்டு வர்றதும் அவங்க, பிரிக்கறதும் அவங்க. நிஜ மாத்திரையை எடுத்துக்கிட்டு ஏதோ ஒரு கண்றாவியைக் குடுக்கறாங்க," என்று முந்தின நாள் ஆபீசில் டீச்சர் சொல்லியிருந்தார். "ஊசியா மாத்துங்கன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். தக்க காரணம் இல்லாம மாத்த மாட்டாங்களாம். புகார் எழுதி வச்சிருக்கேன். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்குச் சாயங்காலமே போலீஸ்ல குடுத்துடறேன்."

கேட்டதிலிருந்து ரேடியோவுக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. சாகக் கிடக்கிறவன் வாயிலிருந்து மருந்தைப் பிடுங்குகிறவளை என்ன செய்தால் தகும்? டாக்டரம்மாவுக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் அவர் போனுக்காகக் காத்திருந்தார். டாக்டரம்மா ஆமாம் என்றால் இன்றோடு அந்த சிஸ்டர் வேலை போகும், நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் போகும், ஆள் உள்ளே போவாள்.

கதவைத் திறந்தவன் மகன். இருபத்தைந்து வயசிருக்கும். மரியாதையான பையன். வாயில் மிட்டாய் போட்டிருந்தான். "வாங்க சார், வாங்க மேடம்" என்று உள்ளே கூப்பிட்டு, ஹாலில் எரிந்துகொண்டிருந்த விளக்கு போதாதென்று இன்னொன்றையும் போட்டான். மேற்குப் பக்கத்து ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் தரை முழுக்கக் கொட்டிக்கிடந்தது.

"கரண்ட் பில் யாரு கட்டறது தம்பி? பகல்லயே கல்யாண வீடாட்டம் வச்சிருக்கீங்க," என்றான் ரேடியோ.

"இருட்டா இருக்கில்ல சார்," என்று மூக்கைச் சொறிந்தபடி சிரித்தான் அவன். டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தான். டீயில் சர்க்கரை போட்டானா, சர்க்கரையில் டீ ஊற்றினானா என்று தெரியவில்லை. ரேடியோவுக்குப் பல் கூசியது. பையன் தன் டம்ளரை ரசித்துக் குடித்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

முன்னறைதான் ஒரு காலத்தில் பட்டறையாக இருந்திருக்கிறது. பாதி மெத்தை தைத்த நாற்காலி ஒன்று நடுவில் நின்றது. தேங்காய் நார் பிதுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சின்னச் சுத்தியலும், ஒரு டப்பா நிறையக் குட்டி ஆணிகளும். டீச்சர் அந்த நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே நின்றார். முகம் தூக்கமில்லாமல் வீங்கிப் போயிருந்தது.

"இவர் வேலை செய்யறதைப் பாக்கணும் நீங்க. ஒரு கைப்பிடி ஆணியை அப்படியே வாய்க்குள்ள போட்டுக்குவார். நாக்கால ஒண்ணொண்ணாத் தள்ளித் தள்ளி எடுத்து அடிப்பார். அதோட பேசுவார், பாடுவார், வர்றவங்களோட சண்டை போடுவார். வாய்ல ஆணி இருக்குன்னு யாருக்கும் தெரியாது. என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டப்போகூட வாய் நிறைய ஆணிதான். அப்புறம் துப்பினப்பதான் எனக்கே தெரிஞ்சது."

"நல்ல வேளை, அவசரப்பட்டு முத்தம் குடுக்காம விட்டீங்களே," என்றான் ரேடியோ.

டீச்சர் சிரித்தார். சிரித்த வேகத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரேடியோவுக்குச் சங்கடமாகிவிட்டது.

படுக்கையறையில் சோபாக்காரர் சுவர் ஓரமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். எலும்பும் தோலுமான உடம்பு. நெற்றியில் வியர்வை. ஆனால் ஆள் வந்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேணாம், அது கடையில வாங்கினது, முதுகை ஒடிச்சிடும். இதுல உக்காருங்க, இது நம்ம கைவேலை."

டாக்டரம்மா உட்கார்ந்தார். டார்ச்சை எடுத்து அவர் கண்ணில் அடித்தார். அணைத்தார். மறுபடி அடித்தார். "வலி எப்படி இருக்கு?" என்றார்.

"இருக்கு. அதுபாட்டுக்கு இருக்கு, நான்பாட்டுக்கு இருக்கேன்."

"வெளிக்குப் போறதெல்லாம்?"

"அதுல ஒரு குறையும் இல்ல. விடிஞ்சா மணி அடிச்ச மாதிரி. அதுக்கு ஒரு மருந்து குடுத்திருந்தாங்க, தேவையே இல்லன்னு தூக்கிப் போட்டாச்சு." அவர் பெருமையாகச் சொன்னார்.

டாக்டரம்மா ரேடியோவை பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனார். கொடியில் காய்ந்த போர்வைகளுக்கு நடுவில் நின்றுகொண்டார்.

"கண்மணியைப் பாத்தியா? நல்லாப் பெருசா விரிஞ்சிருக்கு. வலியில துடிக்கறவன் கண்ணு."

"வலிதான் தெரிஞ்ச விஷயமாச்சே. சர்வீஸ் டாக்டர்தான் சொன்னாரே, உடம்பு பழகிடுச்சு, மருந்து ஏறலன்னு."

"பழகும். தினம் மார்பின் குடுத்தா மூளை பழகத்தான் செய்யும். முதல்ல குடுத்த அளவுக்கு அப்புறம் வலி அடங்காது, மனசு லேசாகாது. ஆனா உடம்புல ரெண்டு விஷயம் மட்டும் அதுக்குப் பழகறதே இல்ல. ஒண்ணு கண்மணி. வருஷக்கணக்கா சாப்பிட்டாலும் கடுகு மாதிரி சுருங்கித்தான் கிடக்கும். இன்னொண்ணு குடல். அது நகரவே நகராது."

"ரெண்டு பேரும் வளைஞ்சு குடுக்காத ஆளுங்க போல."

"இவருக்குக் கண்ணும் சுருங்கல, குடலும் நிக்கல. இந்த உடம்பு பழகிப்போன உடம்பு இல்ல ரேடியோ. மார்பினையே பாக்காத உடம்பு."

ரேடியோ தொடையில் தட்டினான். "அப்போ டீச்சர் சொன்னதுதான் சரி. சிஸ்டர் குடுக்கறது சுண்ணாம்பு மாத்திரை. இன்ஸ்பெக்டருக்குப் போன் போடட்டுமா?"

"மாத்திரை பொய்யா இருக்கணும். இல்லன்னா உள்ள போகாம இருக்கணும். எதுன்னு பாத்துட்டுப் போடு."

சிஸ்டர் வந்தாள். நடுத்தர வயசு, படியேறின களைப்பு, தோளில் கனமான பை. டீச்சர் வாசலில் நின்று முறைத்தார். அவள் அதைப் பழகிப்போனவளாகத் தெரிந்தாள். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். டாக்டரம்மா கை நீட்டி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீல் உடையாத அட்டை. கம்பெனி அச்சு, நம்பர், எல்லாம் ஒழுங்கு. எல்லோர் கண் முன்னாலும் சிஸ்டர் ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்துச் சோபாக்காரர் நாக்கில் வைத்தாள். அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். நாக்கை நீட்டிக் காட்டினார். ஒன்றுமில்லை.

"திருப்தியா?" என்று டீச்சரைப் பார்த்துக் கேட்டாள் சிஸ்டர்.

"டீச்சர், சிஸ்டருக்கு ஒரு டீ குடுங்களேன். நீங்களும் கூடப் போங்க," என்றார் டாக்டரம்மா. இருவரும் போனதும் நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, ரேடியோவுக்குத் தலையும் புரியாமல் வாலும் புரியாமல், சோபாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஸ்பிரிங் நல்லதா, ஸ்பாஞ்ச் நல்லதா? ரெக்ஸின் ஏன் சீக்கிரம் வெடிக்கிறது? சோபாக்காரர் ஒன்றுக்கு நாலாகப் பதில் சொன்னார். ஸ்பாஞ்ச் போடுகிறவனையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினார். பேச்சில் ஒரு பிசிறு இல்லை. டாக்டரம்மா எழுந்திருக்கவே இல்லை. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனார். சோபாக்காரர் பார்வை வாசல் பக்கமாக ஓடி ஓடித் திரும்பியது.

டாக்டரம்மா கட்டிலோரம் இருந்த ஒரு தட்டை எடுத்து அவர் மோவாய்க்குக் கீழே நீட்டினார்.

"போதும். ஆணியைத் துப்புங்க."

சோபாக்காரர் அவரைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். கன்னத்துக்குள் நாக்கு ஒரு சுழற்று சுழன்றது. கடைவாய்க்குப் பின்னாலிருந்து மாத்திரை வந்து தட்டில் விழுந்தது. மேல்பூச்சு கொஞ்சம் கரைந்திருந்தது, அவ்வளவுதான்.

"கசக்குமே," என்றார் டாக்டரம்மா.

"கசப்புதான். ஆணியும் துருதான்." அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை நாள்ல ஒரு டாக்டர் கண்டுபிடிக்கல. நீங்க எப்படி?"

"வெயில் அடிக்கற ஹால்ல உங்க பையன் லைட் போடறான். கண்மணி சுருங்கினவனுக்கு எந்த அறையும் இருட்டுதான். இனிப்பு கேக்குது, மூக்கு அரிக்குது. உங்ககிட்ட இருக்க வேண்டிய கண்ணு அவன்கிட்ட இருக்கு."

ரேடியோ எதிர் அறையின் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தான். டீ, மிட்டாய், விளக்கு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஜோக் அடித்தவன் அவன்தானே.

சோபாக்காரர் மெதுவாகத்தான் சொன்னார். பையன் பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தான். ஒரு லாரி தட்டிக் கால் ஒடிந்தது. ஆஸ்பத்திரியில் வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். கால் கூடிவிட்டது, மாத்திரையை விட முடியவில்லை. ஆஸ்பத்திரி நிறுத்தியதும் தெருவில் கிடைத்ததை வாங்கினான். பவுடர்.

"ஒருநாள் பாத்ரூம் கதவை ஒடைச்சுத்தான் எடுத்தேன். உதடெல்லாம் நீலம். மூச்சே இல்ல. என் மடியில வச்சு அறைஞ்சு அறைஞ்சு எழுப்பினேன்மா. அதுக்கு முன்னாடி இந்தக் கட்டியெல்லாம் ஒரு வலியா? தெருவுல விக்கறதுல எந்தப் பாவி எதைக் கலந்திருப்பான்னு யாரு கண்டா? இது கம்பெனி சரக்கு. சீல் வச்சது. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அவன் வெளியில போறதில்ல. சாகறதில்ல. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"அவன் வலி பொய்யின்னு நான் சொல்லல," என்றார் டாக்டரம்மா. "நம்ம மூளையே தன் வலிக்குக் கொஞ்சம் மருந்து தயார் பண்ணிக்கும். தினமும் வெளியிலேர்ந்து வந்து கொட்டினா, உள்ள இருக்கற கடையை அது மூடிடும். அப்புறம் ஒருநாள் சரக்கு வரலன்னா எலும்பை முறுக்கும், வயித்தைப் பிடுங்கும், உலகமே செத்துப்போன மாதிரி இருக்கும். அவன் நடிக்கல. ஆனா நீங்க குடுக்கற ஒவ்வொரு மாத்திரையும் அந்தக் கடைக்கு இன்னொரு பூட்டு. அதுக்குன்னு வைத்தியம் இருக்கு, அளந்து குடுத்து மெதுவா இறக்குவாங்க. இது அது இல்ல."

"தெரியும். முதல்ல ஒண்ணே போதும்னான். இப்ப ரெண்டும் பத்தலங்கறான்." அவர் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களை ஒண்ணு கேக்கறேன். சிஸ்டர்தான் எடுத்தாங்கன்னு சொல்லிட்டுப் போயிடுங்க. அவங்களுக்கு வேற வேலை கிடைக்கும். எனக்கு வேற புள்ளை கிடையாது. என் வலிக்கு ஒரு முடிவு இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்ச முடிவு. அதுவரைக்கும் ஓட்டிடறேன்."

நல்ல மனுஷன்தான். ஆனாலும் ரேடியோவுக்கு அந்த நிமிஷம் அவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. தோளில் பையோடு நாலு மாடி ஏறி வந்தவளின் களைத்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வாசலில் பாத்திரம் இடறிய சத்தம் கேட்டது. டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சிஸ்டர்.

"கேட்டுட்டீங்களா?" என்றான் ரேடியோ. "உங்க வீட்டுக்காரர் தனக்குத்தானே..."

"அவங்களுக்கு இது புதுசு இல்ல ரேடியோ," என்றார் டாக்டரம்மா. திரும்பாமலே பேசினார். "டீச்சர், ஆணி கதையை நான் கேக்கவே இல்ல. நீங்களாத்தான் வந்து சொன்னீங்க."

டீச்சர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லாம் தெரிஞ்சுதான் எங்கிட்ட வந்தீங்க. மாத்திரை மேல புகார் வந்தா சர்வீஸ்காரங்க ஊசிக்கு மாத்துவாங்க. ஊசியை வாய்ல ஒளிக்க முடியாது. இவருக்கு வலி போகும், பையன் பேரு வெளிய வராது. நடுவுல ஒரு நர்ஸ் ஜெயிலுக்குப் போவாங்க."

"நான் என்ன பண்ணுவேன்?" டீச்சர் கட்டிலைக் காட்டினார். "இவர் கத்தக்கூட மாட்டேங்கறார், அவனுக்குக் கேட்டுடுமாம். தலையணையைத் தினம் நான் தைக்கறேன், அவ்வளவு கடி. புள்ளையைக் காட்டிக் குடுத்தா இவர் என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டார். சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல. யாராவது வெளி ஆளு வந்து கண்டுபிடிச்சுத் தொலைங்களேன்னுதான் வந்தேன். கண்டுபிடிக்கலன்னா அந்தப் புகார்."

"இன்னொண்ணையும் கேட்டுக்குங்க. சர்வீஸ் டாக்டர் கணக்குப்படி இவர் நிறைய மார்பின் சாப்பிடறவர். அந்தக் கணக்குக்குத்தான் ஊசி போடுவாங்க. ஆனா இந்த உடம்பு மருந்தையே பாக்காத உடம்பு. மூச்சு விடுன்னு சொல்ற இடமும் மூளையிலதான் இருக்கு. அவ்வளவு மார்பின் திடீர்னு போய் விழுந்தா அது சும்மா இருந்துடும். நீங்க நினைச்சது நடந்திருந்தா முதல் ஊசியிலயே இவர் போயிருப்பார்."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே சிஸ்டர் பக்கம் கை கூப்பினார். "சிஸ்டர், என்னை..."

"அதெல்லாம் அப்புறம். எழுந்து வந்து அவர் கையைப் பிடிங்க," என்றாள் சிஸ்டர். குரலில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. போனில் சர்வீஸ் டாக்டரைக் கூப்பிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவசரத்துக்கென்று பையில் இருந்த ஊசி மருந்தை உடைத்தாள். புதுசாக ஆரம்பிக்கிறவருக்குப் போடுகிற சின்ன அளவு. சோபாக்காரர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். இழுக்கிற பலம் அவருக்கு இல்லை. "நாளையிலேர்ந்து வேற ஆள் வருவாங்க," என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் ஊசியை ஏற்றினாள்.

ரேடியோ இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணி, புகார் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னான். திரும்பி வந்தபோது சோபாக்காரரின் விரல்கள் போர்வையை விட்டிருந்தன. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா இமையை விலக்கி டார்ச் அடித்தார். கண்மணி சுருங்கியிருந்தது. டீச்சர் அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர் அறைக் கதவு திறந்தது. பையன் நின்றான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு கையால் மறு கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அப்பா தூங்குவதைப் பார்த்தான். கட்டிலோரத்தில் கிடந்த ஊசியைப் பார்த்தான். அவனுக்குப் புரிய வெகு நேரம் ஆகவில்லை.

"அப்போ எனக்கு?" என்றான்.

டாக்டரம்மா எழுந்து அவன் தோளைத் தொட்டார். "தம்பி, இதுக்கு வைத்தியம் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார். நாளைக்குக் காலைல நானே கூட்டிட்டுப் போறேன்."

"நாளைக்குச் சரிங்க மேடம். இப்ப?"

"டேய், உக்காருடா. அம்மா இருக்கேன்ல," என்றார் டீச்சர். ஒரு கை கணவர் நெஞ்சின் மேல் இருந்தது. அதை எடுத்தால் அவர் விழித்துக்கொள்வாரோ என்று பயந்ததுபோல், இன்னொரு கையை மட்டும் மகன் பக்கம் நீட்டினார். பையன் அந்தக் கையைப் பார்த்தான். திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டினான்.

ரேடியோ அவன் பின்னாலேயே இறங்கி ஓடினான். நாலு மாடியையும் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. கீழே தெருவில் வேலை விட்டு வருகிற கூட்டம். வலப்பக்கம் பஸ் நிறுத்தம், இடப்பக்கம் கடைகள். இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தான், கடைக்காரர்களை விசாரித்தான், பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தான். பையன் போன இடம் தெரியவில்லை.

மறுபடி மேலே ஏறி வந்து, வாசலில் நின்று, டாக்டரம்மாவைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினான். டீச்சரும் அதைப் பார்த்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்து சோபாக்காரர் கண் திறந்தார். முகத்தில் வலி என்ற பேச்சே இல்லை. பார்வையால் மனைவியைத் தேடிப் பிடித்தார்.

"அவன் வாங்கிக்கிட்டானா?"

டீச்சர் கையை வாயிலிருந்து எடுத்தார்.

"வாங்கிக்கிட்டான். ரூம்லதான் இருக்கான். நீங்க தூங்குங்க."